வறண்ட தோலுக்கு எண்ணெய்: எது, எப்போது, எவ்வளவு

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல், நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சிலேட்டில் பல்பத்தால் எழுதியதுபோல ஒரு வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றால் தோல் வறண்டிருக்கிறது என்று அர்த்தம். கோடே விழவில்லை, அல்லது விழுந்து உடனே மறைந்துவிட்டது என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரை அவசரமில்லை. மார்கழியில் திரும்ப வந்து படித்துக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். வீட்டைச் சுற்றித் தென்னை, திரும்பிய பக்கமெல்லாம் தேங்காய்ப் பருப்பு காயும் களங்கள், எண்ணெய் மில்கள். எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத ஊரில் பிறந்தும், கோவையில் ஏசி அறையில் நாள் முழுக்க உட்காரும் வேலைக்குப் போன இரண்டாவது வருடம் என் கால் இரண்டும் காய்ந்த கருவாடுபோல ஆகிவிட்டன. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாயி பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, காலெல்லாம் இப்படிச் சாம்பல் பூத்துக் கெடக்குது? எண்ணெ வெக்கறதில்லையா?” என்று கேட்டார். வைத்துக்கொண்டுதான் இருந்தேன், அதுதான் வேடிக்கை. தினமும் ராத்திரி படுக்கும் முன் தேங்காய் எண்ணெயை அள்ளிப் பூசிக்கொண்டு படுப்பேன். காலையில் போர்வை மினுமினுக்கும், கால் பழையபடி வெளுத்திருக்கும்.

எண்ணெயில் எந்தக் குறையும் இல்லை, தேய்த்த நேரம்தான் தப்பு. காய்ந்த தோலில் எண்ணெய் பூசினால் காய்ந்த தோலின் மேல் எண்ணெய் இருக்கும், அவ்வளவுதான்.

எண்ணெய் செய்யும் வேலை

எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதனால் எந்த எண்ணெயாலும் தோலுக்கு ஈரம் கொடுக்க முடியாது. “ஆழமாக ஈரப்பதம் தரும்” என்று எந்தப் புட்டியில் போட்டிருந்தாலும் இதுதான் உண்மை. ஏற்கெனவே இருக்கிற ஈரம் காற்றில் போய்விடாமல் தடுப்பதுதான் எண்ணெயின் வேலை. கூடவே, உரிந்து நிற்கும் செதில்களின் இடுக்கை நிரப்பி, சொரசொரப்பைக் குறைக்கும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல் குவியலைத் தார்ப்பாயால் மூடுவார்கள் இல்லையா? நனைந்த மணலை மூடினால் இரண்டு நாள் கழித்தும் உள்ளே ஈரமாக இருக்கும். காய்ந்த மணலை மூடினால் காய்ந்த மணல்தான் இருக்கும். எண்ணெயும் ஒரு தார்ப்பாய்தான்.

தோலின் வெளியடுக்கில் இறந்த செல்கள் செங்கல்போல அடுக்கியிருக்க, அவற்றுக்கு நடுவே சாந்துபோலச் சில கொழுப்புகள் இருக்கின்றன. சூடான தண்ணீரும் சோப்பும் அழுக்கோடு சேர்த்து இந்தச் சாந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். வயது கூடக்கூட உடம்பு சுரக்கும் எண்ணெயும் குறையும். முன்னங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. முகம் வழவழ என்றிருக்கிற ஆளுக்கும் கால் வெளுத்துப் போவது இதனால்தான். எங்கள் ஊர்போல போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடமென்றால் சோப்பு சரியாக நுரைக்காது, சரியாகக் கழுவவும் வராது. தோலில் ஒட்டிக்கொள்ளும் அந்த மிச்சமும் அரிப்பைக் கூட்டும்.

எந்த எண்ணெயை எடுப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். கடைக்குப் போனால் ஆர்கான், ஜொஜோபா, ரோஸ்ஹிப் என்று நாக்கில் நுழையாத பெயர்களில் 30 மில்லி புட்டிகள் நிற்கும். நல்ல எண்ணெய்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு காலுக்கும் இரண்டு கைக்கும் தினமும் தேய்க்க அந்தப் புட்டி ஒரு வாரம்கூட வராது. வீட்டு அடுக்களையில் இருப்பதே போதும்.

நான் முதலில் சொல்வது தேங்காய் எண்ணெய். அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலம். எளிதில் கெடாது. சில கிருமிகளை அடக்கும் குணமும் அதற்கு உண்டு. பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரைச் சேர்த்து, சிலருக்குத் தேங்காய் எண்ணெயும் சிலருக்கு மினரல் ஆயிலும் கொடுத்து, இரண்டு வாரம் காலில் தேய்க்கச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டும் ஒரே அளவுக்குப் பலன் தந்தன, யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. இதில் நமக்கு இரண்டு சேதி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வேலை செய்கிறது என்பது ஒன்று. பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்று நாம் முகம் சுளிக்கும் மினரல் ஆயிலும் அதே வேலையைச் செய்கிறது என்பது இன்னொன்று. இயற்கை என்பதாலேயே ஒன்று உசத்தியாகிவிடாது.

தேங்காய் எண்ணெயில் ஒரே தொல்லை, 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. அகன்ற வாய் டப்பாவில் ஊற்றி வைத்துவிட்டால் விரல் நுனியால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாலே உருகிவிடும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.

அடுத்தது நல்லெண்ணெய். எள் நெய் என்பதுதான் எண்ணெய் ஆனது. பிறகு எல்லா வித்திலிருந்தும் எடுப்பதற்கு அதே பெயர் வந்துவிட, மூத்ததற்கு ‘நல்ல’ என்று ஓர் அடைமொழி கொடுத்து வைத்திருக்கிறோம். இதில் ஒலிக் அமிலம், லினோலிக் அமிலம் என்கிற இரண்டு கொழுப்பு அமிலங்களும் கிட்டத்தட்டச் சரிபாதியாக இருக்கும். தேங்காய் எண்ணெயைவிடக் கனம், வாசமும் தூக்கல். குளிர்காலத்தில் உறையாது என்பது இதன் வசதி. ஒன்றைக் கவனியுங்கள்: செக்கில் எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். அந்த இனிப்பும் மணமும் இட்லிப் பொடிக்கு அருமை. காலில் தேய்த்துக்கொண்டு அலுவலகம் போனால் பக்கத்தில் இருப்பவர் டிபன் டப்பாவைத் தேடுவார். நான் நல்லெண்ணெயை ராத்திரிக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பலருக்கும் தோன்றாத ஒன்று சூரியகாந்தி எண்ணெய். லினோலிக் அமிலம் நிறைந்தது. நான் சாந்து என்று சொன்னேனே, அதைக் கட்டுவதற்குத் தோல் பயன்படுத்தும் சரக்கு அது. டாக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தேய்த்ததில், மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்ததாக 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. தோல் என்கிற மதில் உறுதியானதால் கிருமி உள்ளே புகுவது குறைந்தது என்பது அதன் சாரம். (அது மருத்துவர்கள் மேற்பார்வையில் நடந்தது. வீட்டில் குறைமாதக் குழந்தைக்கு நீங்களாக எதையும் தேய்க்க வேண்டாம்.) வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பூஃபா (PUFA), மூஃபா (MUFA) என்று இரண்டு வகைக் கொழுப்புக்கும் எண்கள் போட்டிருக்கும். லினோலிக் பூஃபாவில் வரும், ஒலிக் மூஃபாவில் வரும். பூஃபா அதிகமாக இருப்பதுதான் நமக்கு வேண்டிய வகை. மூஃபா மிக அதிகமாக இருந்தால் அது ஒலிக் அமிலம் கூட்டி வளர்த்த வேறு ரகம்.

ஒலிக் அமிலம் ஏன் வேண்டாம்? ஆலிவ் எண்ணெயை வைத்து இதைச் சொல்லலாம். அதில் பெரும்பகுதி ஒலிக்தான். 2013-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் பெரியவர்களின் முன்கையில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் தேய்த்துப் பார்த்ததில், தோலின் தடுப்புச் சுவர் பலவீனமானது, லேசாகச் சிவந்தும் போனது. சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. விலையும் பெயரும் பார்த்து ஆலிவ் எண்ணெய் வாங்கி வைத்திருந்தால், அது சாலடுக்குப் போகட்டும்.

விளக்கெண்ணெய் தனி ஜாதி. ஆமணக்கு வித்திலிருந்து வருவது, தேன்போலக் கெட்டி. உடம்பெல்லாம் தேய்த்தால் சட்டை ஒட்டிக்கொள்ளும். ஆனால் குதிகாலுக்கும் முழங்கைக்கும் இதை அடிக்க ஆளில்லை. ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தால் கைக்கும் காலுக்கும் தேய்க்கிற பதத்துக்கு வரும்.

பாதாம் எண்ணெய் நல்லதுதான், விலைதான் கடி. இலுப்பை எண்ணெய் கிடைத்தால் பாத வெடிப்புக்குப் போடலாம், வாசம் எல்லோருக்கும் பிடிக்காது. கடுகு எண்ணெய் வடக்கே பழக்கம், ஆனால் காந்தும். வறண்ட தோலுக்கு அது வேண்டாம். வேப்பெண்ணெயை வறட்சிக்கென்று தினமும் தேய்க்க அவசியமே இல்லை. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்தான் அதை வைக்க வேண்டும், ஏனென்றால் வாய்க்குள் போய்ப் பிள்ளைகள் ஆபத்தான நிலைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

லாவண்டர், டீ ட்ரீ, எலுமிச்சை என்று வரும் வாசனைத் தைலங்கள் இந்தக் கணக்கிலேயே வராது. பெயரில் எண்ணெய் இருந்தாலும் அவை வேறு பொருள். நேரடியாகத் தோலில் வைத்தால் பலருக்கு எரியும், தடிக்கும். தொடக்கத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும்போது

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் முன்பக்கம் பெரிதாகப் பாதாம் படம் போட்ட புட்டி ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்கப் பொடி எழுத்தைப் பார்த்தால் முதலில் ‘லைட் லிக்விட் பாராஃபின்’ (மினரல் ஆயில்தான்), அப்புறம் வேறொரு தாவர எண்ணெய், கடைசியில் நறுமணத்துக்கு முந்தைய இடத்தில் பாதாம். ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது, எழுதித்தான் இருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. பெரும்பாலான அழகுசாதனப் பொருட்களில் அளவு கூடியது முதலில் வரும். படத்தை விட்டுவிட்டு, பட்டியலில் முதல் பெயரைப் பாருங்கள். ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் ரொம்ப நல்லது.

சமையலுக்கு என்று விற்கும் தேங்காய் எண்ணெயைத் தோலுக்குத் தேய்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக. சின்னப் பாக்கெட்டில் வரும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்று வரிக்காக ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் முடிந்தது. தலைமுடி எண்ணெய் என்று சொல்லி விற்காதவரை அது சமையல் எண்ணெயே என்று தீர்ப்பு. நம் வீட்டில் ஒரே புட்டியிலிருந்துதான் தாளிக்கவும் தலைக்கும் போகிறது, அதற்கு எந்தக் கோர்ட்டும் தேவைப்பட்டதில்லை.

செக்கில் ஆட்டியதா, மில் எண்ணெயா, சுத்திகரித்ததா என்பது உங்கள் விருப்பம். செக்கு எண்ணெயில் வாசம் அதிகம், அடியில் கசடு தங்கும், சீக்கிரம் சிக்கு வாடை வரும். சுத்திகரித்ததில் வாசமே இருக்காது. வாசத்துக்கு மூக்கு அடைக்கிறவர்களுக்கும், தோல் எதற்கெடுத்தாலும் சிவக்கிறவர்களுக்கும் சுத்திகரித்ததே மேல். செக்கில் தேங்காய் எண்ணெய் வாங்குவதானால் பருப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பூசணம் பிடிக்காமலிருக்கக் களத்தில் கந்தகப் புகை போடுகிறவர்கள் உண்டு. புகை போடாத பருப்பு என்று சொல்லியே ஆட்டிக் கொடுக்கிற செக்குக்காரர்களும் இருக்கிறார்கள்.

தேங்காய் எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்று மேலோட்டமாகப் பார்க்க ஒரு வழி: கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். முழுதும் வெள்ளையாகக் கட்டிவிட்டால் சரி. மேலே தனியாக ஓர் எண்ணெய் அடுக்கு உறையாமல் நின்றால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

முதல் வாரம்: பரீட்சை

வாங்கி வந்த அன்றே உடம்பெல்லாம் பூச வேண்டாம். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரே இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு, தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு ஒத்துக்கொண்டது. அலர்ஜி உடனே வராமல் நாள் கழித்தும் வரும் என்பதால்தான் ஒரு வாரம். எள்ளோ வேர்க்கடலையோ சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவர்கள் அந்த எண்ணெய்களைத் தோலிலும் வைக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம்.

தேய்க்கும் முறை

இப்போது விஷயத்துக்கு வருவோம். எண்ணெய் தேய்ப்பது குளியலறைக்குள்ளேயே தொடங்குகிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஹீட்டரில் கொதிக்க வைத்து ஆவி பறக்க ஊற்றிக்கொள்கிற சுகத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குளித்து முடியுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும். வெயிலில் மண் வேலை பார்த்துவிட்டு வந்தால் ஒழிய, முன்னங்காலுக்கும் கைக்கும் தினமும் சோப்பு தேவையில்லை, தண்ணீரே போதும். நாரைப் போட்டுத் தேய்த்தால் செதில் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். போகும், மறுநாள் இரட்டிப்பாக வரும்.

துண்டால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். துண்டை ஈரத்தின் மேல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் தோலைத் தொட்டால் விரல் லேசாக ஒட்டுகிற ஈரம் இருக்க வேண்டும். சமையலறையில் கழுவிய வெண்டைக்காயை நறுக்குவதற்கு முன் துடைப்போமே, அந்த அளவுக்குத் துடைத்துவிட்டால் காரியம் கெட்டது. கழுவித் தட்டில் வடியவிட்ட கொத்தமல்லியில் இருக்கும் ஈரம்தான் கணக்கு.

இந்த ஈரம் போவதற்குள், அதாவது மூன்று நிமிடத்துக்குள், எண்ணெய் தோலுக்கு வந்துவிட வேண்டும். அதனால் எண்ணெய் டப்பாவைக் குளியலறை அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடுத்திக்கொண்டு, தலை துவட்டி, சாமி கும்பிட்டுவிட்டு வந்து தேய்க்கலாம் என்றால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அளவு: முழங்காலுக்குக் கீழே இரண்டு காலுக்கும் சேர்த்து அரை டீஸ்பூன், அதாவது இரண்டு மூன்று மில்லி. பத்தாது என்று தோன்றும். ஈரத்தோலில் எண்ணெய் வழுக்கிக்கொண்டு பரவும் என்பதால் தாராளமாகப் பத்தும். முதலில் உள்ளங்கை இரண்டிலும் தேய்த்துப் பரப்பிக்கொண்டு, பிறகு காலில் மேலிருந்து கீழாக, முடி வளர்கிற திசையிலேயே இழுத்துவிடுங்கள். எதிர்த் திசையில் அழுத்தித் தேய்த்தால் முடிக்கால்கள் அடைபட்டுச் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். எனக்கு வந்திருக்கிறது. கைகளுக்கு அதே அளவு. உடம்பு முழுக்கத் தேய்ப்பதானால் இரண்டு டீஸ்பூன்.

தேய்த்த உடனே தோல் கொஞ்சம் பிசுபிசுப்பாக, தண்ணீரும் எண்ணெயும் கலந்து பால்போலத் தெரியும். ஐந்து நிமிடம் விடுங்கள். அப்போதும் விரலில் எண்ணெய் ஒட்டினால் அளவு கூடிவிட்டது, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உடுத்திக்கொள்ளலாம். நாளைக்கு நாலு சொட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாளில் உங்கள் கைக்கே அளவு தெரிந்துவிடும்.

ராத்திரி மறுபடி குளிக்க வேண்டுமென்பதில்லை. ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கால் கைகளைத் துடைத்துவிட்டு, அந்த ஈரத்தின் மேல் தேய்த்தால் போதும். பாத்திரம் கழுவுகிற கைகளுக்கு ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் இரண்டு சொட்டு.

ரொம்ப வறண்டவர்களுக்கு எண்ணெய் மட்டும் போதாமல் போகலாம். அப்போது ஈரத்தோலில் முதலில் கிளிசரின் கலந்த வாசனையில்லாத சாதா லோஷனைத் தடவி, அதன் மேல் எண்ணெய். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், எண்ணெய் அதை மூடி வைக்கும். எண்ணெயை முதலில் பூசிவிட்டு லோஷனைத் தடவினால் அது உள்ளே போகாமல் மேலேயே வழுக்கும்.

பித்த வெடிப்புக்கு

குதிகால் தோல் மற்ற இடத்தைப்போல இல்லை. அங்கே எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, தடிமனும் பல மடங்கு. அதனால் மேலே சொன்ன முறை இங்கே எடுபடாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து பதினைந்து நிமிடம் பாதங்களை ஊற வையுங்கள். வெளுத்து ஊறிய தோலைக் கால் தேய்க்கிற கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து எடுங்கள். ஒரே நாளில் மொழுமொழு என்று ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஒரு மாதம் பிடிக்கும். பிளேடு போட்டுச் சீவுவது கூடவே கூடாது. பிறகு ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு குதிகாலுக்கும் ஐந்தாறு சொட்டு விளக்கெண்ணெய். வெடிப்பின் உள்ளே இறங்குகிற மாதிரி கட்டைவிரலால் அழுத்திவிட்டு, பழைய பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள். சாக்ஸ் இல்லாமல் செய்தால் குதிகாலுக்கும் பலனில்லை, தரைக்கும் ஆகாது. கல் தேய்க்காத நாட்களிலும் எண்ணெயும் சாக்ஸும் உண்டு.

விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். சர்க்கரை நோயாளிகள் இந்த ஊறவைப்பு, கல் தேய்ப்பு எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தண்ணீர் சுடுவதும் தெரியாது, கீறல் விழுவதும் தெரியாது. மேலாக எண்ணெய் தடவிக்கொள்ளலாம், வெடிப்பு ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போதாதா?

போதாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கும் அதில் பிரியம் அதிகம், விடச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நல்லெண்ணெயை உடம்பு முழுக்கத் தேய்த்து அரை மணி ஊறிவிட்டு, அப்புறம் சீயக்காயோ அரப்போ போட்டு வெந்நீரில் அந்த எண்ணெயை எல்லாம் கழுவி எடுத்துவிடுகிறோம். எண்ணெய் மட்டும் போவதில்லை, தோலின் சொந்த எண்ணெயும் சேர்ந்து போகும். குளித்து வந்ததும் சுகமாகத் தூக்கம் வரும். மறுநாள் காலில் கோடு இழுத்தால் வெள்ளையாகவே விழும்.

சரி, என்ன செய்யலாம்? தலைக்குச் சீயக்காய், அரப்பு எது வேண்டுமானாலும் போடுங்கள். உடம்புக்குக் கையளவு பாசிப்பயறு மாவை மட்டும் குழைத்துப் பூசி, வழிகிற எண்ணெய் போகுமளவுக்குக் கழுவுங்கள். லேசான வழுவழுப்பு தோலில் மிச்சம் இருக்கட்டும். வெந்நீரை ஒரு சொம்பு குறைத்து, பச்சைத் தண்ணீரை ஒரு சொம்பு கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கெல்லாம் எண்ணெய் வேண்டாம்

முதுகிலும் மார்பிலும் கழுத்திலும் வெளிர் திட்டுகள், சுரண்டினால் மாவுபோலச் செதில். வறட்சி என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், திட்டு பரவிக்கொண்டே போகும். அது தேமல். மலசீசியா என்கிற பூஞ்சையால் வருவது. அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்க் கொழுப்புதான் சாப்பாடு. பொடுகு, மூக்கோரத்தில் மஞ்சளாக உரியும் செதில் இவற்றுக்கும் அதே பூஞ்சையோடு தொடர்பு உண்டு என்பதால் அங்கும் எண்ணெய் ஆகாது. வட்டமாக, ஓரம் சிவந்து அரிக்கிற படர்தாமரைக்கும் எண்ணெய் மருந்தில்லை.

முகத்தில் பரு வருகிறவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். கரப்பான் (எக்ஸிமா) இருந்து, நீர் வடிந்தாலோ மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ எண்ணெயை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருந்தால், டாக்டர் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். எந்தக் குழந்தை டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

துண்டு, தரை, டப்பா

எண்ணெய்க் காலோடு ஈர மொசைக் தரையில் நடந்தால் என்ன ஆகும் என்பதை என் இடது முழங்கை ஒரு முறை தெரிந்துகொண்டது. ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கடைசியாகத்தான் பாதத்துக்குத் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் செருப்பு. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் குளியலறைக்கு வெளியே, நாற்காலியில் உட்கார வைத்துத் தேய்த்துவிடுவது நல்லது.

எண்ணெய் துடைக்கும் துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் சலவை சோடா போட்டு வாரம் ஒரு முறை அலசாவிட்டால் காறல் வாடை பிடித்துக்கொள்ளும், அப்புறம் எதற்கும் போகாது. எண்ணெய் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், எண்ணெய் தேய்த்த நைட்டியோடு, லுங்கியோடு அடுப்பருகே நிற்பதில் கவனம் வேண்டும்.

ஒரு லிட்டர் வாங்கினாலும் நூறு மில்லியைச் சின்ன டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டு, மீதியை வெளிச்சம் படாத இடத்தில் மூடி வையுங்கள். ஈரக்கையை டப்பாவுக்குள் விடாதீர்கள். பழைய வேர்க்கடலையை வாயில் போட்டால் வருமே, அந்த வாடை எண்ணெயில் வந்துவிட்டால் தோலுக்கு வைக்க வேண்டாம். சூரியகாந்தியில் இது சீக்கிரம் வரும், தேங்காய் எண்ணெயில் தாமதமாகும்.

இரண்டு வாரம் கழித்து

இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு, மறுபடி நகத்தால் அதே இடத்தில் கோடு இழுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குக் கோடு மங்கியிருக்கும், ராத்திரி அரிப்பும் குறைந்திருக்கும். பிறகு காலையில் ஒரு வேளை தேய்த்தாலே போதும்.

கொஞ்சமும் மாறவில்லை, அல்லது தோலில் ஒன்றும் தெரியாமல் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், சர்க்கரை இருந்தாலும், சிறுநீரகத்தில் கோளாறு இருந்தாலும் தோல் வறளும். அதை ரத்தப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். வெறும் வறட்சிதான் என்றால் யூரியா கலந்த களிம்பு எழுதித் தருவார்கள், கெட்டிப்பட்ட தோலுக்கு அது எண்ணெயைவிட நன்றாகவே வேலை செய்யும். மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்று காலையில் மட்டும் எண்ணெய் தேய்க்காமல் போங்கள். பளபளக்கிற காலில் செதிலும் சிவப்பும் அவர் கண்ணுக்குத் தெரியாது.